தபசு மரத்துக்குக் கட்டிய ரிப்பன்

“எறங்குய்யா கீழ!”

“எறங்க மாட்டேன் சார்.”

“ரிப்பனே இன்னும் வெட்டல. நீ பாட்டுக்கு மேல ஏறிக் குந்திக்கினா இன்னா அர்த்தம்?”

“நீங்க ரிப்பன் கட்றதுக்கு முன்னாடியே நான் ஏறிட்டேன். ஏறின அர்ச்சுனன் வரம் வாங்காம எறங்கக்கூடாது சார். ஊருக்கு ஆகாது.”

“எனக்கு ஆகாதுய்யா! தலைமை விருந்தினர் வந்து வெட்டணும், அதுக்கப்புறம் நீ ஏறணும். நிகழ்ச்சி நிரல்ல அப்படித்தான் அச்சடிச்சிருக்குது.”

“அப்போ அச்சடிச்ச அர்ச்சுனன ஏத்திக்குங்க.”

மேலே இருந்து பேசியவன் தேசப்பன். திருப்பாச்சூர்ப் பக்கத்துக் கூத்துக்காரன், தபசுக் கூத்தில் அர்ச்சுனன் வேஷம். நட்டு நிறுத்திய பனைமரத்தின் உச்சியில், ஆள் உட்காரும் அளவுக்குக் கட்டிய பரணில், காவி உடுத்தி, மடியில் எலுமிச்சம்பழங்களோடு உட்கார்ந்திருந்தான். கீழே நின்று கத்தியவர் ரங்கசாமி. புதுவாயல் சுற்றுவட்டாரக் கலைப் பண்பாட்டு மேம்பாட்டுக் குழுவின் செயலாளர். ஏதோ ஓர் ஆபீசில் தலைமை குமாஸ்தா. கலை என்றால் அவருக்கு உயிர் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில், மரத்தடி மண்ணில், ஈரப் புடவையோடு குப்புறக் கிடந்தாள் பச்சையம்மா. நெற்றி மண்ணில் பதிந்திருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே கூப்பி நீண்டிருந்தன. அவளைப் போல இன்னும் சில பெண்கள் மரத்தைச் சுற்றிக் கிடந்தார்கள். அர்ச்சுனனுக்குச் சிவன் வந்து அம்பு கொடுக்க வேண்டும். கொடுத்ததும் அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டு பழம் போடுவான். யார் கைக்கருகே விழுகிறதோ அவளுக்குப் பிள்ளை. பழம் விழும் வரை எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் அந்த வேண்டுதல் போயிற்று. இதுதான் வழக்கம். இதில் ரிப்பனுக்கு இடமில்லை. குழு என்று ஒன்று வரும்வரை அப்படித்தான் இருந்தது.

தபசு என்றால் சித்திரை, வைகாசியில் ஏறுவார்கள். மார்கழிப் பனியில் எந்த அர்ச்சுனனும் ஏறியதாகக் கதை இல்லை. ஆனால் அந்த எழுபத்திரண்டாம் வருஷம் திரௌபதியம்மன் திருவிழா நின்றுபோயிருந்தது. அம்மனை முதலில் எந்தத் தெருக்காரர்கள் தூக்குவது என்று இரண்டு தெருவுக்கும் மண்டை உடைந்து, அம்மன் எங்கும் போகாமல் கோயிலிலேயே இருந்துவிட்டாள். ரங்கசாமிக்கோ அரைப்பரீட்சை லீவில் பள்ளிக்கூட மைதானத்தில் கலை வாரம் நடத்த மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் கும்மி, கோலாட்டம், கோலப் போட்டி, எல்லாவற்றுக்கும் சிகரமாக அர்ச்சுனன் தபசு. அந்தப் பக்கத்தில் அந்த வருஷத்துக்கு இருந்தது இந்த ஒரே தபசுதான்.

பச்சையம்மா வந்த காரணமும் அதுதான். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் அருணகிரிக்கு வாழ்க்கைப்பட்டுப் பல வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. மாமியார் குப்பாயி தன் தம்பி மகள் கோவிந்தம்மாவைப் பொன்னேரிப் பக்கத்தில் பேசி வைத்துவிட்டாள். பேசி வைத்ததை மருமகளிடம் மறைக்கவுமில்லை. தெருக்குழாயில், பத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும்போதுதான் சொன்னாள்.

“இந்தத் தபசுல பழம் உழுந்தா பாரு. உழலன்னா தையில என் தம்பி பொண்ணு நம்ப ஊட்டுக்கு வரா. நீ இருக்கிறதுன்னாலும் இரு, போறதுன்னாலும் போ. நான் ஒண்ணும் வெரட்டல.”

“குழு நடத்துற தபசுல வரம் கெடைக்குமா அத்தே?”

“எவன் நடத்துனா இன்னா? மரம் ஏறுறவன் விரதமா ஏறுறான் இல்ல?”

தேசப்பன் விரதமாகத்தான் ஏறினான். விடியற்காலையில், அவரவர் புருஷன்மார் பெண்சாதி தலையில் தண்ணீர் ஊற்றி மரத்தைச் சுற்ற வைத்துப் படுக்க வைத்தார்கள். மஞ்சள் துண்டு கட்டிய அருணகிரி பச்சையம்மா தலையில் நாலு குடம் ஊற்றினான். அவன் நல்லவன். அம்மா சொன்னால் அம்மா பேச்சைக் கேட்பான், பெண்சாதி சொன்னால் அவள் பேச்சைக் கேட்பான், இரண்டு பேரும் சொன்னால் மில்லுக்குப் போய்விடுவான்.

இறங்கமாட்டேன் என்று தேசப்பன் சொன்னதும் ரங்கசாமி அவசரக் கூட்டம் கூட்டினார். சிக்கல் லேசானதல்ல. நிகழ்ச்சி தொடங்கிவிட்டதால் விழாவைத் திறந்து வைக்க முடியாது. விழாவைத் திறந்து வைக்காததால் நிகழ்ச்சியை முடிக்க முடியாது. உறுப்பினர்கள் போண்டா தின்றுகொண்டே விவாதித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். ரங்கசாமி அதை மைக்கில் வாசித்தார்:

“தற்சமயம் மரத்தின் மீது காணப்படும் அர்ச்சுனன், குழுவின் பார்வையில் தரையில் இருப்பதாகவே கருதப்படுவார். தலைமை விருந்தினர் ரிப்பன் வெட்டிய பின்னரே அவர் ஏறியதாகக் கொள்ளப்படும். அதுவரை சிவபெருமானுக்கு மேடை அனுமதி கிடையாது.”

மேடைக்குப் பின்னால் உடம்பெல்லாம் நீலம் பூசி உட்கார்ந்திருந்த சிவன் வேஷக்காரர் இதைக் கேட்டு, “நாஷ்டாவுக்காவது அனுமதி உண்டா?” என்று கேட்டனுப்பினார்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன தலைமை விருந்தினர் உச்சிவெயில் வரை வரவில்லை. மார்கழி வெயில்தானே என்று நினைக்க வேண்டாம். குப்புறக் கிடந்து பார்த்தால் தெரியும். பச்சையம்மாவின் முதுகில் புடவை காய்ந்து மொறமொறத்தது. வாய்க்குள் மண். பக்கத்தில் கிடந்த மணியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, எழுந்து ஒரு வாய் தண்ணி குடிச்சா தப்பா?”

“எழுந்தா போச்சுடி. எனக்குத் தையில முகூர்த்தம் குறிச்சிட்டாங்க.”

“யாருக்கு முகூர்த்தம்?”

“என் புருசனுக்கு.”

மணியம்மாள் அதற்குமேல் தண்ணீர் கேட்கவில்லை.

ரங்கசாமிக்கோ வேறு கவலை. போட்டோக்காரர் வந்து, புடவை காய்ந்திருந்தால் படத்தில் பக்தி தெரியாது என்று சொல்லிவிட்டார். உடனே குழுவின் உத்தரவு வந்தது. “தலைமை விருந்தினர் வரும்போது எல்லாரும் ஈரமா இருக்கணும். எங்கம்மா அந்தக் குடம்?” மைதானத்து ஓரத்தில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெண்கள் மேல் தண்ணீர் கொட்டினார்கள். முதலில் வந்தது சோடா வண்டி. அப்புறம் வந்தது ஆந்திராவுக்குப் போகிற லாரி. அதன் டிரைவர் இறங்கி, “இன்னா நைனா, யாராச்சும் மயக்கம் போட்டுட்டாங்களா?” என்று விசாரித்துவிட்டுப் போனான். ஒவ்வொரு வண்டிக்கும் பச்சையம்மா நனைந்தாள், காய்ந்தாள், மறுபடி நனைந்தாள். சாயங்காலக் காற்று தொடங்கியபோது அவளுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது.

இதற்கிடையில் குப்பாயி சும்மா உட்கார்ந்திருப்பாளா? மைதானத்தை ஒரு சுற்று வந்தாள். மேடைக்குப் பின்னால் வெள்ளைக் கூடாரம் ஒன்று இருந்தது. வாசலில் ஆண்கள் வரிசை. முடிந்து வெளியே வருகிறவன் கையில் புத்தம் புது நீல நிறப் பிளாஸ்டிக் பக்கெட். கூடாரத்து முகப்பில் பெரிய படம்: மீசை வைத்த அப்பா, பூ வைத்த அம்மா, நடுவில் கொழுகொழுவென்று ஒரு ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. நாலு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். ஓரத்தில் சிவப்பாக ஒரு முக்கோணம். குப்பாயிக்கு எழுத்து வராது. படம் நன்றாக வரும். மருமகள் மரத்தடியில் கிடக்கிறாள், மகனுக்கு இங்கே ஏதோ செய்கிறார்கள், இரண்டும் சேர்ந்தால் பலன் கெட்டி என்று கணக்குப் போட்டாள்.

உண்மையில் கலை வாரத்துக்குப் பாதிச் செலவை ஏற்றது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம். அன்றைக்கு வரவேண்டிய தலைமை விருந்தினரும் அந்தத் துறையின் பெரிய அதிகாரிதான். கூடாரத்தில் ஆண்களுக்குப் பிள்ளை நிறுத்தும் ஆபரேஷன், செய்துகொண்டவனுக்குப் பக்கெட் இனாம். அதற்குப் போதிய ஆள் சேரவில்லை என்பதுதான் ரங்கசாமியின் அன்றைய வயிற்றெரிச்சல்.

குப்பாயி மகனைத் துண்டைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினாள். வாசலில் நின்ற ஆள் கேட்டான்.

“எத்தினி புள்ளைங்க?”

“அதுக்குத்தானே சாமி வந்திருக்கோம்.”

“எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. எத்தினின்னு சொல்லும்மா.”

குப்பாயி முழித்தாள். பின்னால் நின்ற ரங்கசாமி, வரிசையில் ஓர் ஆள் கூடிய மகிழ்ச்சியில், “மூணுன்னு போட்டுக்கோய்யா” என்றார்.

“மூணா!” குப்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள். “அவ்ளோ வாணாம் சாமி. ரெண்டு போதும். படத்துல இருக்கிற மாதிரி.”

ரங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியாய்யா! கிராமத்துல எப்பேர்ப்பட்ட விழிப்புணர்ச்சி! இந்தம்மா சொன்னத ஐயா பேச்சுல சேக்கணும்.” அருணகிரி அம்மாவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், பக்கெட்டைப் பார்த்தான். கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினான்.

தலைமை விருந்தினர் வந்து சேர்ந்தார். மரத்தைச் சுற்றிக் கட்டிய ரிப்பனை வெட்டினார். தேசப்பன் அப்போதுதான் ஏறியதாகக் கைதட்டினார்கள். மேலே அவன் பசியில் கண் சொருகி உட்கார்ந்திருந்தான். அதன்பிறகு பேச்சு.

“கலை என்பது மக்களுக்காக. மக்கள் என்பவர்கள் அளவோடு இருக்க வேண்டும். அளவில்லாத மக்களுக்கு எவ்வளவு கலை கொடுத்தாலும் போதாது. இந்த வருடம் நானே எழுபது கலை விழாக்களைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. அந்த அளவுக்குக் கலை வளர்ந்திருக்கிறது! இங்கே ஒரு கிராமத்துத் தாய், ‘ரெண்டு போதும்’ என்று சொன்னதாகச் செயலாளர் குறிப்புக் கொடுத்தார். அந்தத் தாயை வணங்குகிறேன்.”

கூட்டத்தில் குப்பாயி எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். மண்ணில் கிடந்த பச்சையம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அத்தைக்கு எதற்கு வணக்கம்?

பேச்சின் நடுவில் அதிகாரி கீழே பார்த்தார். “இந்தப் பெண்கள் ஏன் படுத்திருக்கிறார்கள்? நாட்டியமா?”

ரங்கசாமி காதில் சொன்னார். அதிகாரியின் முகம் கறுத்தது. மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

“பிள்ளை வரமா? என் தலைமையிலா? நாளைக்குப் பேப்பரில் வந்தால் என் கதி என்னய்யா? நிறுத்துங்கள்!”

“நிறுத்தினா அந்த ஆளு எறங்க மாட்டான் ஐயா. மரத்தோடதான் அனுப்பணும்.”

சிறிது நேரம் குசுகுசுப்பு. பிறகு ரங்கசாமி புது அறிவிப்பை வாசித்தார். வரம் கொடுக்கத் தடையில்லை. ஆனால் வரம் பெறுகிறவர்கள் இரண்டுக்கு மேல் பெறுவதில்லை என்று முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். “எல்லாரும் எனக்குப் பின்னால் சொல்லுங்கள்: நான் இரண்டு குழந்தைகளுக்கு மேல்...”

பெண்கள் மண்ணுக்குள் முனகினார்கள். பச்சையம்மா மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னாள். “ஒண்ணு குடுங்க சாமி. ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவத நீங்களே வச்சிக்குங்க.”

மேலே இருந்த தேசப்பனுக்கு மைதானம் முழுக்கத் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் கூடாரம் தெரிந்தது. போன வருஷம் அவன் ஊர்ப் பக்கம் நடந்த முகாமில் அவனுடைய மத்தளக்காரர் இப்படி ஒரு கூடாரத்துக்குப் போய்ப் பக்கெட்டோடு வந்தவர்தான். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வரிசையில் முன்னால் நின்றது ஒரு மஞ்சள் துண்டு. விடியற்காலையில் நாலு குடம் ஊற்றிய அதே மஞ்சள் துண்டு. அவனுடைய பெண்சாதிதான் தன் காலுக்கு நேர் கீழே கிடக்கிறாள்.

தபசில் இருக்கும் அர்ச்சுனன் பாடலாம். ஊர்ச் சங்கதி பேசக்கூடாது. தேசப்பன் யோசித்தான். காலையில் ரங்கசாமியோடு சண்டை போட்டதே அந்த வகையில் குற்றம்தான். இன்னொரு குற்றம் வேண்டாம் என்று பாட்டாகவே எடுத்துவிட்டான். அவன் முகத்துக்கு நேராகக் குழு கட்டிய மைக் இருந்தது.

“ஈரச் சீலையோட கெடக்குற எங்கம்மா – உன்
ஊட்டுக்காரன் மஞ்சத் துண்டோட
கூடாரத்துள்ள போறானே அம்மா – அங்க
குடுக்கிறது புள்ள இல்ல, புள்ளைக்குப் பூட்டு!”

தலைமை விருந்தினர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “அற்புதம்! கருத்துள்ள பாட்டு! ‘புள்ளைக்குப் பூட்டு!’ எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டான்! இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள்!”

அர்த்தம் புரிந்த ரங்கசாமி மைக் செட்காரர் ஷஃபியுல்லாவைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோலச் சைகை காட்டினார். பழவேற்காட்டிலிருந்து செட் கொண்டுவந்திருந்த ஷஃபியுல்லா அமைதியாகச் சொன்னார். “ஐயா மறுபடி பாடச் சொல்றாரு, நீங்க கட் பண்ணச் சொல்றீங்க. நான் ஒரே ஆளு. யாரு பெரியவங்கன்னு பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க.”

தேசப்பன் இரண்டாம் முறை பாடினான். இந்தத் தடவை மஞ்சள் துண்டு என்பதை மூன்று தரம் இழுத்தான்.

பச்சையம்மா கேட்டாள். எழுந்தால் பழம் போயிற்று. தையில் கோவிந்தம்மா வந்துவிடுவாள். எழாவிட்டால் பழம் விழுந்தும் பிரயோசனமில்லை. இதையெல்லாம் அவள் எத்தனை நேரம் யோசித்தாள் என்று பிறகு ஊரில் பந்தயம் கட்டிப் பேசினார்கள். பக்கத்தில் கிடந்த மணியம்மாள் சொன்னதுதான் நம்பத்தக்கது. “யோசிச்சாளா? மண்ணு என் கண்ணுல அடிச்சிச்சு, பாத்தா ஆளைக் காணோம்.”

“படுடி! பாவி, படு! பழம் உழுற நேரம்டி!” என்று குப்பாயி குறுக்கே வந்து விழுந்தாள். பச்சையம்மா மாமியாரைத் தாண்டினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

கூடாரத்துக்குள் அருணகிரி பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் பக்கெட். நர்ஸ் மேரி கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். சேறும் தண்ணீருமாக உள்ளே நுழைந்தவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“யாரும்மா நீ?”

“இது என் புருசன்.”

“உங்களுக்குத்தான் மூணு இருக்கே.”

“எங்க இருக்குது? காட்டுங்க, இடுப்புல தூக்கி வச்சிக்கினு போறேன்.” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. “ஒண்ணுகூட இல்லம்மா. இன்னிக்கு விடிஞ்சதுலேருந்து அதுக்குத்தான் மண்ணுல கெடக்கிறேன்.”

மேரி கையுறையைக் கழற்றினாள். “எழுந்திருய்யா” என்றாள். அருணகிரி எழுந்தான். யார் சொன்னாலும் எழுந்திருப்பவன்தானே. போகும்போது பக்கெட்டை எடுத்தான். பச்சையம்மா பார்த்த பார்வையில் வைத்துவிட்டான்.

ரங்கசாமி மூச்சிரைக்க வந்து நின்றார். “சிஸ்டர்! ஒரு ஆள் குறையுதே! ஐயாகிட்ட எண்ணிக்கை சொல்லிட்டேன்!”

“உங்களுக்கு எத்தினி சார்?”

“அஞ்சு. ஏன்?”

“அப்போ படுங்க” என்றாள் மேரி.

ரங்கசாமி வந்த வழியே போய்விட்டார்.

அங்கே மைதானத்தில் பாட்டில் மயங்கிய தலைமை விருந்தினர் சிவபெருமானுக்கு அனுமதி கொடுத்திருந்தார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த சிவன் ஓடிவந்து, வசனம் எதுவும் பேசாமல் அம்பைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். தேசப்பன் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு பழங்களைப் போட்டான். முதல் பழம் நேராகப் போய் விழுந்த இடம், பச்சையம்மா கிடந்த இடம். ஆள் வடிவத்தில் ஈரமாக இருந்த அந்த மண்ணில், கை இருந்திருக்க வேண்டிய பள்ளத்தில் விழுந்து, உருண்டு, தலைமை விருந்தினரின் நாற்காலிக்குக் கீழே போய் நின்றது. பேசிப் பேசி அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. ரங்கசாமி அதை எடுத்து, நறுக்கி, சோடாவில் பிழிந்து, உப்புப் போட்டுக் கொடுத்தார். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நல்ல பழம்” என்றார்.

பச்சையம்மா புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தபோது அவர் டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த எலுமிச்சை விதையை அவள் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குப்பாயி தெருத் தெருவாக அழுதாள். “எழுந்துட்டாளே! கையில உழுந்த பழத்த உட்டுட்டாளே! தையில கோவிந்தம்மாவ இட்டாந்துட்டுத்தான் மறுவேலை!” பதில் மறுநாள் எதிர்வீட்டிலிருந்து வந்தது. நீல பக்கெட்டோடு திரும்பியிருந்த எதிர்வீட்டுக்காரனின் பெண்சாதி, அந்தக் கூடாரத்தில் என்ன செய்தார்கள் என்பதைத் தெருக்குழாயில் வைத்தே விளக்கினாள். குப்பாயி நிரம்பிய குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போனவள், இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “எனக்கு அப்பவே அந்தக் கூடாரத்து மேல சந்தேகம். நான்தான் மருமவள ஓடிப்போய்ப் பாருன்னு அனுப்பினேன்” என்றாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பச்சையம்மாவும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சு எழவில்லை. மகனை வரிசையில் நிறுத்தியது யார் என்ற பேச்சும் எழவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு.

கலை வாரம் மாபெரும் வெற்றி என்று ரங்கசாமி அறிக்கை அனுப்பினார். பதவி உயர்வோடு திருவள்ளூருக்கு மாற்றலாகிப் போனார். ஷஃபியுல்லா பழவேற்காட்டுக்குப் போய், குழு என்று யார் வந்தாலும் செட் ரிப்பேர் என்று சொல்லப் பழகிக்கொண்டார். தையில் குறித்த முகூர்த்தத்தை வீணாக்குவானேன் என்று கோவிந்தம்மாவை வேறொருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, தேசப்பன்தான். அவளை அழைத்துக்கொண்டு திருப்பாச்சூர் போனவன், அதன்பிறகு மார்கழியில் வீட்டுக் கூரைகூட ஏறவில்லை.

தலைமை விருந்தினருக்கு வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். அடுத்த வருஷம் புரட்டாசியில் அவர் மனைவி நாலாவதைப் பெற்றாள். அவர் நீண்ட விடுப்பில் போய், பிறகு வேறு துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். தேசப்பன் போட்ட பழம் பொய்க்கவில்லை என்று புதுவாயல் கடைத்தெருவில் இன்றும் சொல்வார்கள்.

பச்சையம்மாவுக்குப் பிறக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் அருணகிரிக்கு வேலை கிடைத்து, புருஷன், பெண்சாதி, குப்பாயி மூன்று பேரும் வள்ளூருக்குக் குடிபோனார்கள். அங்கே எல்லார் வீட்டிலும் பிளாஸ்டிக் பக்கெட் வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் மட்டும் பித்தளைக் குடம்தான். கனமாயிற்றே, லேசாக ஒன்று வாங்கிக்கொள்ளக்கூடாதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் பச்சையம்மா சிரிப்பாள். குப்பாயிதான் எழுந்து, மருமகள் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி இறக்கி வைப்பாள்.